விஷயதானம் செய்தவர்கள்

கேள்வி: 1930களில் வெளிவந்த தமிழ் இதழ்களின் பழைய தொகுதிகளைப் படித்துவருகிறேன். ‘விஷயங்கள் அனுப்புவோர்’, ‘விஷயதானம்’ ஆகிய தொடர்கள் கண்ணில் படுகின்றன. விஷயம் என்றால் செய்தி, சங்கதி என்றுதான் இன்று கொள்கிறோம். அன்று வேறு பொருள் இருந்ததா?

பதில்: இருந்தது. கட்டுரை, கதை, பாட்டு என எதுவானாலும், அச்சில் ஏறுவதற்காக எழுதப்பட்டதைப் பொதுவாக ‘விஷயம்’ என்று குறிப்பது அக்காலப் பத்திரிகை வழக்கு. அதனால்தான் பொருளடக்கப் பக்கம் ‘விஷய சூசிகை’ அல்லது ‘விஷய அட்டவணை’ என்று பெயர் பெற்றது. வடமொழியில் இச்சொல்லுக்குப் புலன்கள் நாடும் பொருள் என்றும், ஒரு நூல் எடுத்துக்கொண்டு பேசும் பொருள் என்றும் இரு வழக்குகள் உண்டு. பேசப்படும் பொருளைக் குறித்த சொல், அதைப் பேசுகிற எழுத்துக்கே பெயராகி வந்தது என்பதால், இதை ஆகுபெயர் என்று கொள்வதே பொருத்தம்.

புலன் சார்ந்த பொருளும் வழக்கொழியவில்லை. வேதாந்தக் கட்டுரைகளில் ‘விஷய சுகம்’ என்று வந்தால் அது புலனின்பமே. கட்டுரை படிக்கும் சுகம் என்று மயங்கிவிடக் கூடாது. ‘ஸ்திரீ கல்வி விஷயமாக’ என்பது போன்ற இடங்களிலோ, ‘குறித்து’ என்னும் அளவுக்கு மேல் அச்சொல்லுக்குச் சுமை இல்லை.

‘விஷயதானம்’ என்ற தொடரில் ‘தானம்’ என்ற பகுதியைத்தான் நான் மிகவும் மதிக்கிறேன். எழுதியவருக்குச் சன்மானம் தர வசதியில்லாத இதழ்கள் பல இருந்த காலத்தில், எழுத்தை ஒரு கொடையாக ஏற்றுக்கொள்ளும் நன்றியுணர்வு அச்சொல்லிலேயே அமைந்திருக்கிறது. இன்று நாம் வழங்கும் ‘படைப்புகள் வரவேற்கப்படுகின்றன’ என்ற வாசகத்தில் அந்த உறவு புலப்படுவதில்லை.

பின்னர் இவ்வழக்கு தேய்ந்ததற்குத் தனித்தமிழ் உணர்ச்சி ஒரு முக்கியக் காரணம். மறைமலையடிகள் ‘ஞானசாகரம்’ என்ற தம் இதழின் பெயரையே ‘அறிவுக்கடல்’ என்று மாற்றியவர். ‘வியாசம்’ கட்டுரையானதும், ‘விஷய சூசிகை’ பொருளடக்கமானதும் அந்த உணர்ச்சி பரவிய பத்தாண்டுகளில் மெல்ல மெல்ல நிகழ்ந்தவை. ‘விஷயம்’ மட்டும் இதழ்களின் அலுவல் வழக்கிலிருந்து விலகினாலும் பேச்சில் உறுதியாக நிலைத்துவிட்டது.

கேள்வி: இலங்கை எழுத்தாளர்கள் எழுதும் ‘விடயம்’ வேறு சொல்லா?

பதில்: அதே சொல்தான். வடமொழி ‘ஷ’ சொல்லின் இடையில் வரும்போது ‘ட’ ஆகும் என்பது நன்னூல் காட்டும் வடமொழியாக்க நெறி. விஷம் ‘விடம்’ என்றும், பாஷை ‘பாடை’ என்றும் ஆனது இவ்வழியில்தான். தமிழ்நாட்டில் கிரந்த எழுத்தோடு ‘விஷயம்’ பரவலாக நிற்க, ஈழத்து உரைநடையில் ‘விடயம்’ இயல்பான அன்றாடச் சொல்லாக வாழ்கிறது. பழைய இதழ்களை மின்தொகுப்புகளில் தேடும்போது இவ்விரு வடிவங்களையும் இட்டுத் தேடுங்கள்.