நியூயார்க்கில் கார் பந்தயத்துக்காகவே போட்ட பழைய சாலை இப்போதும் இருக்கிறதா?

முழுசாக இல்லை, துண்டு துண்டாக இருக்கிறது. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்ட் தீவில் போட்ட லாங் ஐலண்ட் மோட்டார் பார்க்வேயைத்தான் கேட்கிறீர்கள்.

1904இல் கோடீஸ்வரர் வில்லியம் வாண்டர்பில்ட் ஜூனியர் ‘வாண்டர்பில்ட் கோப்பை’ கார் பந்தயத்தை ஆரம்பித்தபோது, கார்கள் ஊர்ச் சாலைகளிலேயே பறந்தன. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் தடுப்பைத் தாண்டிச் சாலையிலேயே வந்து நிற்கும். 1906இல் பார்வையாளர் ஒருவர் கார் மோதி இறந்தார். அதன் பிறகுதான் கார்களுக்கு மட்டுமான தனிச் சாலை எழுந்தது. 1908இல் திறந்தார்கள். கான்கிரீட் தளம், குறுக்குச் சாலைகளைத் தாண்டப் பாலங்கள், நுழையக் கட்டணம் 2 டாலர் (அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை!). அப்படியும் 1910 பந்தயத்தில் காரில் உடன் சென்ற மெக்கானிக்குகள் இருவர் பலியாக, அங்கே பந்தயம் நின்றுபோனது.

அப்புறம் வெறும் சுங்கச் சாலையாக ஓடியது. பக்கத்திலேயே நியூயார்க்கில் பூங்காக்களையும் சாலைகளையும் அமைத்த அதிகாரி ராபர்ட் மோசஸ் இலவச பார்க்வே போட்டுவிட்டார். காசு கொடுத்து யார் போவார்கள்? 1938இல் மூடினார்கள்.

நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் கன்னிங்ஹாம் பூங்காவிலிருந்து ஆலி பாண்ட் பூங்கா வரையுள்ள பகுதி இன்று சைக்கிள் பாதை. ஓரமாகப் பாருங்கள், பழைய கான்கிரீட் வேலிக்கால்கள் சில இன்னும் நிற்கின்றன. அந்தக் காலத்துப் பாலங்கள் மேலேயே சைக்கிளில் போகலாம். லாங் ஐலண்டில் உள்ள கார்டன் சிட்டி என்ற ஊரின் சுங்கச்சாவடி வீட்டையும் இடம் மாற்றிக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள்.