கருவியின் முன் உட்காரப்போவது யார்?

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். "ஏதோ மெல்லிய படலத்தில் ஒளியைப் பாய்ச்சிப் பார்ப்பாளாம். எம்.எஸ்சி. கடைசி வருஷத்தை இதில் கழித்தால் வேலை கிடைக்குமா, பேசாமல் பி.எட். சேர்த்துவிடலாமா?" என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மகள் அனுப்பிய புராஜெக்ட் குறிப்பையும் படித்தேன். அவள் என்ன செய்யப்போகிறாள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் படலம் ஹாஃப்னியம் ஆக்சைடால் ஆனது. சிப் தயாரிப்பவர்களுக்கு அது பழகிய பொருள். இன்டெல் 2007-லேயே அதைத் தன் பிராசஸர்களில் பயன்படுத்தத் தொடங்கியது. அதில் கொஞ்சம் சிலிக்கான் கலந்து, சுமார் 10 நானோமீட்டர் தடிமனில் படலமாக்கினால் அது ஃபெரோஎலக்ட்ரிக் ஆகிறது என்று ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் 2011-ல் வெளியிட்டார்கள். அதாவது, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கடைசியாக எந்தத் திசையில் முனைவாகியிருந்ததோ, அதை அந்தப் படலம் விடாமல் வைத்திருக்கும். மெமரி சிப்புக்கு வேண்டிய குணம் இதுதான்.

சிக்கல் எங்கே என்றால், அதே பொருள் பல படிக அமைப்புகளில் உருவாகும். அவற்றில் ஆர்த்தோராம்பிக் வகையில் ஒன்றுதான் இந்தக் குணத்தைத் தருகிறது. சந்தையில் பானை வாங்கும்போது விரலால் தட்டிப் பார்ப்பீர்கள் அல்லவா? மண் ஒன்றுதான், சூளையில் வெந்த பக்குவம் வேறு, ஓசை சொல்லிவிடும். உங்கள் மகள் செய்யப்போகும் நிறமாலையியலும் அப்படித்தான். ஒளியால் தட்டி, அணுக்களின் அதிர்வைக் கேட்கிறோம். ராமன் முறையில் லேசரைப் பாய்ச்சி, சிதறி வரும் ஒளியில் அந்த அதிர்வுகளைக் கோடுகளாகப் பார்ப்பார்கள். அதே பொருளின் வேறு இரண்டு அமைப்புகளில், மோனோகிளினிக்குக்கு 18 ராமன் அதிர்வுகள் உண்டு, டெட்ராகனலுக்கு 6. எக்ஸ் கதிரில் பார்த்தால் டெட்ராகனலும் ஆர்த்தோராம்பிக்கும் 30.5 டிகிரி கோணத்துக்குப் பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து குழப்பும். ராமனிலும் எளிதில்லை. படலம் அவ்வளவு மெல்லியது என்பதால், அடியில் இருக்கும் சிலிக்கானின் கோடுதான், நிறமாலையில் 520 என்ற இடத்தில், ஓங்கி நிற்கும். அதனால் அகச்சிவப்பு நிறமாலையையும் எடுப்பார்கள், இந்தூரில் உள்ள இண்டஸ்-2 போன்ற சிங்க்ரோட்ரானில் (வலுவான எக்ஸ் கதிர்களைத் தரும் பெரிய துகள்முடுக்கி) எக்ஸ் கதிர் உறிஞ்சலையும் பார்ப்பார்கள், மின் அளவீட்டோடு ஒப்பிடுவார்கள். எல்லாம் ஒத்துப்போன பிறகுதான் "இது இன்ன அமைப்பு" என்று எழுத முடியும். மென்பொருளில் இன்னும் நாலு கோடு சேர்த்தால் எந்த வளைவையும் பொருத்திவிடலாம். பொருத்தாமல் நிற்கத் தெரிவதுதான் இந்தத் துறையில் படிப்பு.

சரி, வேலைக்கு வருவோம். இந்தப் புராஜெக்டுக்கு நான் சம்மதம் சொல்வது ஒரே ஒரு விஷயத்தைப் பொறுத்தது. கருவியின் முன் உட்காரப்போவது உங்கள் மகளா, இல்லை வேறு யாரோவா?

சில வருஷங்களுக்கு முன் என்னிடம் வந்த ஒரு மாணவர் இதேபோன்ற தலைப்பில்தான் புராஜெக்ட் முடித்திருந்தார். நல்ல பையன், நல்ல மதிப்பெண். அவருடைய கல்லூரியில் மாதிரிகளைக் கூரியரில் வெளியே அனுப்பிவிட்டு, வரைபடங்களை மின்னஞ்சலில் வாங்கியிருந்தார்கள். நேர்முகத்தில் "எந்த லேசர்? அளக்கும் முன் கருவியை எதை வைத்துச் சரிபார்த்தாய்?" என்று கேட்டார்கள். பதில் தெரியவில்லை. பெரும்பாலும் அந்தச் சிலிக்கான் துண்டையே வைத்துத்தான் சரிபார்ப்பார்கள். ஒரு நாள் பக்கத்தில் நின்றிருந்தால்கூட தெரிந்திருக்கும். எனக்கு இன்றும் அது மனசை உறுத்துகிறது. அவர் சேரும் முன்பே இதைக் கேட்டுக்கொள்ளச் சொல்ல ஆள் இல்லை.

கை பழகிவிட்டால் கதவுகள் பல உண்டு. சிப் துறையில் பழுதுக்குக் காரணம் தேடும் வேலை. மருந்துக் கம்பெனிகளில் வந்திறங்கும் மூலப்பொருளை அகச்சிவப்பு நிறமாலையால் உறுதிசெய்யும் வேலை. தடயவியல் ஆய்வகங்கள். பொருள் மாறினாலும், கோட்டைப் படித்துச் சந்தேகப்படும் கண் அதேதான். குஜராத்தில் சிப் ஆலைகள் வருவதைப் பார்த்து நாளைக்கே வேலை என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். மெமரிப் படலம் பற்றிய ஆராய்ச்சி வேலைகளுக்குப் பெரும்பாலும் பிஎச்.டி. எதிர்பார்ப்பார்கள். அது ஐந்து வருஷம்கூட ஆகலாம். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வை எழுதி ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினால், 2023 ஜனவரியிலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய், வீட்டுவாடகைப் படி தனி. வீட்டில் பணம் கேட்காமல் படிக்கலாம். ஆனால் அதன் பிறகும் நிரந்தரப் பேராசிரியர் வேலை எளிதில் அமையாது, அதை மறைத்து உங்களிடம் பேச எனக்கு மனமில்லை.

பி.எட். எங்கேயும் ஓடிவிடாது. அவளுக்குப் பள்ளியில் பாடம் சொல்லித்தர ஆசை இருந்தால் அது அருமையான வழி, எம்.எஸ்சி. முடித்துச் சேரட்டும். ஆனால் அவள் எனக்கு எழுதிய மூன்று பக்கத்தில் அந்த ஆசை ஒரு வரியிலும் இல்லை அம்மா. படலத்தைப் பற்றித்தான் எழுதியிருக்கிறாள்.

அவளுடைய வழிகாட்டியிடம் இந்த வாரமே கேட்கச் சொல்லுங்கள்: ராமன் கருவி உங்கள் துறையிலேயே இருக்கிறதா? வெளியே என்றால் நானே போய் அளக்கலாமா, எத்தனை நாள்? படலத்தை நானே உருவாக்குவேனா, இல்லை தயாராகக் கிடைக்குமா? வெளியே போய்த்தான் ஆகவேண்டும் என்றால் ஐஐடி மெட்ராஸில் உள்ள சைஃப் (SAIF) என்ற பொதுக் கருவி மையத்தையும், நானோமின்னணுப் பயிற்சிக்கு இனப் (INUP) என்ற அரசுத் திட்டத்தையும் விசாரிக்கட்டும். பதில் வந்ததும் எனக்குச் சொல்லுங்கள். "சாம்பிளை அனுப்பினால் போதும்" என்று சொன்னால் வேறு வழிகாட்டியைத் தேடுவோம், தலைப்பு மாறினாலும் பரவாயில்லை.