கேஸ் மறைத்த கணையம்: சி.டி. முதலிலா, ஸ்டென்ட் முதலிலா?

கேள்வி: மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு வயது 62, பத்து வருடமாகச் சர்க்கரை. மூன்று வாரமாகக் கண் மஞ்சள், உடம்பெல்லாம் அரிப்பு. வயிற்றில் வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் நன்றாக மெலிந்துவிட்டார். ராமநாதபுரத்தில் வயிற்று ஸ்கேன் எடுத்தோம். பித்தக்குழாய் 14 மி.மீ. விரிந்திருக்கிறது, கல்லீரலில் 2 செ.மீ. அளவில் எஸ்.ஓ.எல். இருக்கிறது, கேஸ் மறைப்பதால் கணையம் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் 9. ஒரு டாக்டர் உடனே பித்தக்குழாயில் ஸ்டென்ட் (அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய்) வைக்கச் சொல்கிறார், இன்னொருவர் முதலில் சி.டி. எடுக்கச் சொல்கிறார். மாமாவோ, பெட் ஸ்கேன் எடுத்தால் ஒரே தடவையில் எல்லாம் தெரிந்துவிடும் என்கிறார். அப்பாவுக்கு இறால் ஒத்துக்கொள்ளாது. சி.டி.க்கான சாய ஊசி போடலாமா?

பதில்: முதலில் சி.டி. காரணம் இருக்கிறது.

வலியில்லாத காமாலை, அரிப்பு, எடை குறைவு, விரிந்த பித்தக்குழாய் நான்கும் சேர்ந்தால், குழாயின் கீழ்முனையில், கணையத் தலை இருக்கும் இடத்தில் அடைப்பு இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும். இங்கே கீழாநெல்லி கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. கிருமியால் வரும் காமாலை பெரும்பாலும் தானாகவே இறங்கும், பேர் மருந்துக்குப் போகும். அடைத்த குழாய் அப்படித் திறக்காது.

ஸ்டென்ட் வைத்த பிறகு எடுக்கும் சி.டி.யில் இரண்டு தொல்லைகள். கணையத் தலைக்குள்ளேயே ஸ்டென்ட் நிற்பதால், உலோகமாக இருந்தால் படத்தில் கோடு கோடாக இழுத்து, பார்க்க வேண்டிய இடத்தையே கெடுக்கும். அடுத்து, எண்டோஸ்கோப்பி வழியாக ஸ்டென்ட் வைக்கும் இ.ஆர்.சி.பி.க்குப் பின் சிலருக்குக் கணையம் வீங்கும். அந்த வீக்கத்தையும் கட்டியையும் படத்தில் பிரித்தறிவது கடினம்.

அறுவை சிகிச்சைக்கு முன் எல்லோருக்கும் காமாலையை இறக்கியே ஆக வேண்டும் என்பதும் இல்லை. கணையத் தலைக் கட்டி உள்ள, பிலிருபின் சுமார் 2.3 முதல் 14.6 வரை இருந்தவர்களிடம் நடந்த டச்சு ஆய்வு ஒன்று 2010-இல் வெளிவந்தது. நேராக அறுவைக்குப் போனவர்களில் 39 சதவீதம் பேருக்குக் கடும் சிக்கல் வந்தது. முதலில் ஸ்டென்ட் வைத்தவர்களில் அது 74 சதவீதம். அவர்களுக்கு வைத்தது பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், பிலிருபின் இதைவிட மிக அதிகம், அறுவை பல வாரம் தள்ளிப்போகும் நிலை, அறுவைக்கு முன் கீமோ தேவை என்றால் ஸ்டென்ட் வேண்டியிருக்கும். அப்போதும் உயிருக்கு அவசரம் இல்லையென்றால் சி.டி.யை முதலில் எடுத்துவிடலாம். படம் பிடிக்கச் சில நிமிடங்கள்தான்.

இனி முக்கியமானது. வெறுமனே 'வயிற்று சி.டி.' என்று சீட்டில் எழுதி வாங்காதீர்கள். 'பேன்கிரியாஸ் புரோட்டோகால்' என்று எழுதச் சொல்லுங்கள், கல்லீரல் எஸ்.ஓ.எல். பற்றியும் அதே சீட்டில் இருக்கட்டும். சாயம் ரத்தத்தில் ஓடும் எந்த விநாடியில் படம் பிடிக்கிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஊசி தொடங்கிச் சுமார் 40 முதல் 50 விநாடிக்குள் கணையம் நன்றாகச் சாயம் ஏறி வெளுத்துத் தெரியும். வழக்கமான கணையப் புற்று அப்போது கறுத்த திட்டாக நிற்கும். தாமதித்தால் இரண்டும் ஒரே நிறமாகி, சிறு கட்டி கண்ணில் படாமலே போகும். கணையத்தின் ஹார்மோன் செல்களில் எழும் நியூரோஎண்டோகிரைன் கட்டி இதற்கு நேர்மாறு, சுற்றியுள்ளதைவிட அது வெளுத்து மின்னும். அடுத்த படம் 65 முதல் 70 விநாடியில். கல்லீரலுக்குப் பரவிய முடிச்சுகளும் சிரைகளும் இதில்தான் தெளிவாகத் தெரியும்.

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும், கால் பங்கு தமனி வழியாகவும் வருகிறது. கல்லீரலிலேயே பிறக்கும் புற்றான ஹெபடோமா தமனி ரத்தத்தைக் குடித்து வளர்வது. அதனால் தமனிக் கட்டத்தில், அதாவது சாயம் தமனி வழியாக வரும் முதல் படத்தில் மின்னி, பிறகு சுற்றியுள்ள கல்லீரலைவிட மங்கும். சிரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) அல்லது நாள்பட்ட ஹெபடைடிஸ் பி இருப்பவருக்கு இந்த மின்னி மங்கும் தோற்றம் தெளிவாக இருந்தால் ஊசி குத்திச் சதை எடுக்காமலே நோயை உறுதி செய்யலாம். மற்றவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. ஆகவே அப்பாவின் ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனை முடிவுகளையும் கையோடு கொண்டுபோங்கள். 3 முதல் 5 நிமிடத்தில் ஒரு தாமதப் படமும் எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

எஸ்.ஓ.எல். என்ற சொல்லைப் பார்த்துப் பதற வேண்டாம். 'இடத்தை அடைக்கும் ஏதோ ஒன்று' என்பதற்கு மேல் அதில் அர்த்தம் இல்லை. அது ரத்தக்குழாய் முடிச்சான ஹீமாஞ்சியோமாவாகவும் இருக்கலாம். அதுவானால் சாயம் ஓரத்தில் சொட்டுச் சொட்டாகத் தொடங்கி மெல்ல உள்ளே நிரம்பும். நீர்க்கட்டியாக இருக்கலாம், காய்ச்சல் இருந்திருந்தால் சீழ்க்கட்டியையும் நினைத்திருப்போம். கணையத்திலும் ஏமாற்றும் வீக்கங்கள் உண்டு. தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் காணப்படும் கணையக் கல் நோயில், நாள்பட்ட அழற்சியே கட்டி போலத் திரண்டு நிற்பதுண்டு. அந்த நோயிலேயே புற்று வர வாய்ப்பும் அதிகம் என்பதால், கல் தெரிகிறது என்று விட்டுவிடவும் முடியாது.

சாய ஊசி போடலாம். இறால் ஒவ்வாமை பெரும்பாலும் அதன் தசையில் உள்ள டிரோப்போமையோசின் என்ற புரதத்தால் வருவது. அயோடினுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கடலோரத்தில் இந்தப் பயம் அதிகம். கேட்க வேண்டியது வேறு: முன்பு சி.டி. சாயத்திற்கு அலர்ஜி வந்ததா, ஆஸ்துமா உண்டா என்பதுதான். இரண்டில் ஒன்று இருந்தாலும் முன்கூட்டியே ஸ்கேன் சென்டரில் சொல்லுங்கள்.

ரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்து, சிறுநீரகம் வடிகட்டும் திறனைக் காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். கணக்கிடச் சொல்லுங்கள். 30-க்குக் கீழே இருந்தால் சாயம் பற்றி டாக்டர் யோசித்து முடிவெடுப்பார், சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் 48 மணி நேரம் நிறுத்தப்படும். அதற்கு மேல், சிறுநீரகம் நிலையாக இருந்தால் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. ஆனால் சில சென்டர்களில் எல்லோருக்குமே நிறுத்தச் சொல்வதுண்டு.

திட உணவு 4 மணி நேரம் வேண்டாம், தண்ணீர் குடிக்கலாம். படத்திற்கு அரை மணி நேரத்துக்கு முன்பிருந்து அரை லிட்டருக்கு மேல் வெறும் தண்ணீரே குடிக்கச் சொல்வார்கள். வெள்ளைச் சாயக் கலவை குடிக்கக் கொடுத்தால், கணையத்துக்கு அது வேண்டாமே என்று கேளுங்கள். குடலில் அது மின்னினால் பக்கத்தில் இருப்பது தெரியாது. விடிகாலை முதல் பஸ்ஸில் போகிறவர் சாப்பிடாமல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஏறினால் பாதி வழியில் சர்க்கரை இறங்கிவிடும். அன்றைய மருந்தை எப்போது எடுப்பது என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். குளுக்கோஸ் பையில் இருக்கட்டும்.

60 கிலோ எடைக்குச் சுமார் 90 முதல் 120 மி.லி. சாயம், விநாடிக்கு 4 மி.லி.க்குக் குறையாத வேகத்தில் போகும். புறங்கையில் நீல நிற ஊசிக்குழாய் குத்தினால் அந்த வேகம் தாங்காது. வேகத்தைக் குறைத்தால் படம் மங்கும், குறைக்காவிட்டால் சாயம் தோலுக்கடியில் கசிந்து கை வீங்கும். முழங்கை மடிப்பில் இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறக் குழாய் வேண்டும்.

மூச்சைப் பிடிக்கப் பயிற்சி கொடுங்கள். 15 விநாடி போதும்.

பெட் ஸ்கேன் இப்போது வேண்டாம். ஹெபடோமாவில் பல அதில் மின்னுவதில்லை, வெறும் அழற்சி மின்னும். ரத்தத்தில் சர்க்கரை அதிகமாக இருந்தாலும் படம் கெடும். சி.டி.யில் கல்லீரல் முடிச்சு இன்னதென்று தெளியாவிட்டால் அடுத்தது எம்.ஆர்.ஐ. கணையத்தில் கட்டி தெரியாமல் குழாய் மட்டும் விரிந்திருந்தால் எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்ட். 2 செ.மீ.க்குக் குறைந்த கட்டியையும் அது காட்டும், அங்கேயே ஊசி வைத்துச் சதை எடுக்கவும் முடியும். ஊசிக்கு முன் ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் பி.டி., ஐ.என்.ஆர். பார்க்க வேண்டும். பித்தம் குடலுக்கு வராததால் வைட்டமின் கே சேராமல் ரத்தம் உறைவது தாமதமாகும். கணையப் புற்றுக்குப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான சி.ஏ. 19-9 அளவை வைத்து இப்போது எதையும் முடிவு செய்யாதீர்கள், அடைப்புக் காமாலையிலேயே அது ஏறும்.

அறிக்கையில் கட்டியின் அளவோடு, எஸ்.எம்.ஏ. (குடலுக்குப் போகும் பெரிய தமனி), எஸ்.எம்.வி. (குடலிலிருந்து வரும் பெரிய சிரை), போர்ட்டல் சிரை ஆகியவற்றைக் கட்டி தொடுகிறதா, தொட்டால் சுற்றளவில் 180 டிகிரிக்குள்ளா மேலா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். அறுவை செய்ய முடியுமா என்பதைப் பெரிதும் அதுதான் தீர்மானிக்கும். ஃபிலிம் மட்டும் போதாது. எல்லாக் கட்டங்களும் மெல்லிய துண்டுகளாக, டைகாம் என்ற கணினிப் பட வடிவில் குறுந்தட்டிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். கிளம்பும் முன் அங்கேயே கணினியில் திறந்து பார்த்துவிடுங்கள். மதுரைக்குப் போன பிறகு தட்டு திறக்கவில்லை என்றால் சுமார் 150 கிலோமீட்டர் திரும்பி வர வேண்டியிருக்கும். அறுவைக்குப் போவதானால் நான்கு வாரத்துக்குள் எடுத்த படமாக இருக்க வேண்டும் என்பார்கள், ஆகவே படம் எடுத்த கையோடு கல்லீரல், கணைய அறுவை நிபுணரிடம் போய்விடுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் எந்தப் பரிசோதனைக்குச் செல்லும் என்பதைப் படம் எடுக்கும் முன்பே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இதற்கிடையில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, அப்பா அரைமயக்கமாகப் பேசினாலோ சி.டி. தேதிக்குக் காத்திருக்காதீர்கள். அது பித்தக்குழாயில் சீழ் பிடித்ததாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைத்து, இ.ஆர்.சி.பி. வசதி உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.