இங்கிலாந்தில் கொடுத்த வாடகை முன்பணத்தை ஊரிலிருந்தே மீட்க முடியுமா?

கேள்வி: முதுநிலைப் படிப்புக்காக மான்செஸ்டரில் தனி வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, 1,000 பவுண்டு முன்பணம் கொடுத்திருந்தேன். காலிசெய்து கோவை திரும்பி இரண்டு மாதங்களாகின்றன. தரைவிரிப்பில் கறை, சுவரில் கீறல் என்று கூறி உரிமையாளர் முழுத் தொகையையும் தர மறுக்கிறார். இங்கிருந்து நான் என்ன செய்யலாம்?

பதில்: நாடு திரும்பிவிட்டதால் உங்கள் உரிமை போய்விடவில்லை. ஆனால், கறையைப் பற்றி அவருடன் மின்னஞ்சலில் வாதாடுவதை நிறுத்திவிட்டு, முன்பணம் பாதுகாக்கப்பட்டதா என்பதை முதலில் பாருங்கள். இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு வீட்டுவசதிச் சட்டப்படி, உரிமையாளர் முன்பணத்தைப் பெற்ற 30 நாட்களுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களுள் ஒன்றில் அதைச் சேர்த்து, அதன் விவரங்களை எழுத்தில் உங்களுக்குத் தந்திருக்க வேண்டும். மூன்று திட்டங்களின் இணையதளங்களிலும் அஞ்சல் குறியீடு, குடும்பப்பெயர், வாடகை தொடங்கிய நாள் ஆகியவற்றைக் கொடுத்துத் தேடலாம். நம் மாணவர்களின் பெயர்கள் அங்கே முன்பின்னாகப் பதிவாவது உண்டு என்பதால், உங்கள் பெயர், தந்தை பெயர் இரண்டையும் கொடுத்துப் பாருங்கள்.

பதிவாகியிருந்தால், அந்தத் திட்டமே நடத்தும் இலவசத் தகராறுத் தீர்வை நாடுங்கள். அனைத்தும் ஆவணங்களின் அடிப்படையில் நடப்பதால் நேரில் செல்ல வேண்டியதில்லை. பிடித்தம் நியாயமானது என்று நிரூபிக்கும் பொறுப்பும் உரிமையாளருடையதே. குடியேறிய நாளின் பொருட்பட்டியலும் படங்களும் இல்லாமல் அவரால் அதை எளிதில் நிரூபிக்க முடியாது. இயல்பான தேய்மானத்துக்குப் பணம் பிடிக்கவோ, பழைய விரிப்புக்குப் புதிய விரிப்பின் முழு விலையைக் கேட்கவோ அவருக்கு உரிமையில்லை. காலிசெய்த மூன்று மாதங்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதே வழக்கமான வரம்பு. உங்களுக்கு ஒரு மாதமே மிச்சம் என்பதால் தள்ளிப்போடாதீர்கள்.

பதிவாகவில்லை என்றால் உங்கள் நிலை இன்னும் வலுவானது. முன்பணத்தின் ஒன்று முதல் மூன்று மடங்கு வரையிலான தொகையை உங்களுக்குத் தருமாறு கவுண்டி நீதிமன்றம் (அங்குள்ள உரிமையியல் நீதிமன்றம்) உத்தரவிட வேண்டும் என்பது சட்டம். முன்பணத்தைத் திருப்பித் தருமாறும் அது உத்தரவிடலாம். வாடகைக்காலம் முடிந்த பின்னரும் இதைக் கேட்கலாம். பொதுவான காலவரம்பு ஆறு ஆண்டுகள். ஆகவே, இந்த நிலையை அறியும் முன்னர், ‘பாதித் தொகை தருகிறேன், இத்துடன் முடித்துக்கொள்வோம்’ என்று அவர் சொன்னால் எழுத்தில் சம்மதிக்காதீர்கள். முதலில், 14 நாள் அவகாசம் கொடுத்து, வழக்குக்கு முந்தைய அறிவிப்பை அனுப்புங்கள். உரிமையாளரின் முகவரி தெரியாவிட்டால், வாடகை வசூலித்த முகவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

வழக்கு என்று வந்தால், வெளிநாட்டில் வசிக்கும் வாதி எதிர்த்தரப்பின் செலவுக்குப் பிணைத்தொகை கட்ட வேண்டும் என்று நீதிமன்றத்திடம் கோரப்படலாம். இந்தியாவிலிருந்து காணொலியில் சாட்சியம் அளிக்கவும் முன் அனுமதி வேண்டும். எனவே வழக்குத் தொடுக்கும் முன் அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரைக் கலந்தாலோசியுங்கள். வாடகை ஒப்பந்தம், முன்பணம் செலுத்தியதற்கான வங்கிப் பதிவு, காலிசெய்த நாளின் படங்கள், வாட்ஸ்அப் உரையாடல்கள் ஆகியவற்றை இப்போதே தொகுத்து வையுங்கள். அங்குள்ள வங்கிக் கணக்கு மூடப்பட்டால் பழைய பதிவுகளைப் பெறுவது கடினமாகிவிடும்.