கையைப் பிடித்து இழுக்கிறான், சுட்டிக் காட்டுவதில்லை

மேடம், வணக்கம். என் மகனுக்கு 26 மாதம். இதுவரை 'அம்மா' என்றுகூடக் கூப்பிட்டதில்லை. பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். செல்போனில் விளம்பரப் பாட்டு கேட்டால் மட்டும் அடுத்த அறையிலிருந்து ஓடி வருவான். ஏதாவது வேண்டுமென்றால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போய் ஃப்ரிட்ஜ் கதவில் வைப்பான். என் முகத்தைப் பார்ப்பதில்லை.

"இவன் அப்பனும் மூணு வயசுக்கு மேலதான் வாயைத் திறந்தான்" என்கிறார் மாமியார். டாக்டரிடம் போனால் ஏதாவது பெயர் வைத்துவிடுவார்களோ என்று கணவருக்குப் பயம்.

பிரசவத்துக்குப் பிறகு பல மாதம் காரணமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். அவன் கையில் போனைக் கொடுத்துவிட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்த நாட்களும் உண்டு. என்னால்தான் இப்படி ஆனானா? இப்போதும் அவன் தூங்கினாலும் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, உங்களால் இல்லை. பிறரோடு பழகுவதிலும் பரிமாறிக்கொள்வதிலும் வேறுபாடு காட்டும் வளர்ச்சி நிலையான ஆட்டிசத்தை 1943-இல் லியோ கானர் என்ற மனநல மருத்துவர் விவரித்த பிறகு, தாயின் பாசக் குறைவுதான் காரணம் என்று மருத்துவ உலகமே சில காலம் நம்பியது. எத்தனையோ பெண்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். அது தவறு என்று எப்போதோ கைவிட்டாயிற்று.

உங்கள் மகனுக்கு ஆட்டிசமா என்று ஒரு கடிதத்தை வைத்து நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் அந்த மணிக்கட்டு விஷயத்தில் என் கண் நின்றுவிட்டது. பேச்சு தாமதமாகும் குழந்தைகளில் பலர் விரலால் சுட்டிக் காட்டுவார்கள், காட்டிவிட்டு அம்மா பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்ப்பார்கள். சொல் வராவிட்டாலும் அந்தப் பரிமாற்றம் இருக்கும். அது இல்லாததால்தான் மூன்று வயது வரை காத்திருக்க வேண்டாம் என்கிறேன்.

முதலில் காது. பாட்டுக்கு ஓடி வருகிறான் என்பதால் கேட்கும் திறன் சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். சில ஒலிகள் மட்டும் கேட்காமல் இருக்கலாம். நடுக்காதில் நீர் கோத்திருந்தால் ஒரு நாள் கேட்கும், ஒரு நாள் மங்கும். அப்புறம் குழந்தை வளர்ச்சி மருத்துவர். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கென்று 'எம்-சாட்' என்ற 20 கேள்விப் படிவம் இருக்கிறது. அது ஆட்டிசத்தை உறுதி செய்யாது, மேலும் பார்க்க வேண்டுமா என்று மட்டும் சொல்லும். பேச்சுப் பயிற்சி தொடங்கப் பெயர் வைக்கும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. அப்படியே பெயர் வந்தாலும் அது உதவிக்கான வாசல்தான் என்று கணவரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் இன்றே ஒன்று செய்யலாம். அடுத்த முறை ஃப்ரிட்ஜுக்கு இழுக்கும்போது அவன் உயரத்துக்குக் குனிந்து, கதவில் கை வைத்து, 'திற' என்று ஒரே ஒரு சொல் சொல்லிவிட்டுச் சில விநாடி பொறுங்கள். ஒரு பார்வையோ முனகலோ வந்தாலே திறந்துவிடுங்கள். அழ வைத்துப் பேச வைக்க வேண்டாம்.

இனி உங்களைப் பற்றி. குழந்தை தூங்கியும் தூக்கம் வராததைச் சோர்வு என்று தள்ளிவிட மாட்டேன். பிரசவத்துக்குப் பின் வந்த மனச்சோர்வு, கவனிக்காமல் விட்டால், இப்படி வருடக்கணக்கில் நீளக்கூடும். குணப்படுத்தக்கூடியதுதான். அவனுக்கு டாக்டரைப் பார்க்கும் அதே வாரத்தில் உங்களுக்கும் ஒருவரைப் பாருங்கள். உங்களையோ குழந்தையையோ காயப்படுத்தும் எண்ணம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும்.

மாமியாரோடு சண்டை போடாதீர்கள், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். குடும்பத்தில் யாராவது தாமதமாகப் பேசினார்களா என்று அங்கே எப்படியும் கேட்பார்கள். அதற்குப் பதில் தெரிந்தவர் அவர்தானே.