பெயிண்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்: பழைய பேண்ட்சா பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: 14 அங்குல வீல் உள்ள பழைய வார்ப்பிரும்பு பேண்ட்சா ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. உடம்பு முழுக்கத் துரு, மோட்டார் ஓடவில்லை. வீட்டுப் பட்டறைக்கு வாங்கலாமா?

பதில்: பேண்ட்சா என்பது மேலும் கீழும் உள்ள இரண்டு வீல்களைச் சுற்றி வளையமாக ஓடும் பிளேடால் மரம் அறுக்கும் மெஷின். துருவுக்காகவோ ஓடாத மோட்டாருக்காகவோ ஒரு நல்ல மெஷினைக் கைவிட வேண்டாம். பயப்பட வேண்டியது விரிசலுக்கு. பிளேடை இழுத்துப் பிடிக்கும் பாரம் முழுவதும் மேல் வீலைத் தாங்கி நிற்கும் வளைந்த பாகமான மெஷினின் கழுத்தில்தான் இறங்குகிறது. 12 மி.மீ. அகலமும் 0.6 மி.மீ. கனமும் உள்ள பிளேடைச் சரியாக முறுக்கினால் இரண்டு வீல்களுக்கும் இடையே சுமார் 145 கிலோ எடைக்குச் சமமான இழுவை இருக்கும்.

கழுத்து வளைவு, மேல் கையும் அடிப்பாகமும் போல்ட்டில் சேரும் இடம், மேல் வீல் ஏறி இறங்கும் காடி, டேபிளைத் தாங்கும் அரைவட்டத் தொட்டில்கள் ஆகிய நான்கு இடங்களிலும் மண்ணெண்ணெய் தடவி, சில நிமிடம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துச் சாக்பீஸ் பொடி தூவுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே போன எண்ணெய் கசிந்து பொடியில் ஈரக்கோடாகத் தெரியும். தொட்டிலில் விரிசல் என்றால் பித்தளைப் பற்றவைப்பில் காப்பாற்றலாம். கழுத்தில் என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

அடுத்து, வீலைக் கையால் சுற்றிப் பாருங்கள். ஆரத்தில் உடைப்பு இருக்கிறதா, விளிம்பு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று கவனியுங்கள். பேரிங், பெல்ட், டயர் (வீல் விளிம்பில் போடும் ரப்பர்), பிளேடு எல்லாம் புதிதாகக் கிடைக்கும். பிளேடு விலகாமல் பிடிக்கும் மேல் கைடு, அதன் கம்பம், டேபிள் தொட்டில் இவை தொலைந்திருந்தால் அதே மாடலில் இன்னொரு மெஷினிலிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கும். அதனால் பேரம் பேசுவதற்கு முன் அந்த மூன்றும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

கேள்வி: வாங்கிவிட்டேன். முதலில் பிரித்துச் சுத்தம் செய்து பெயிண்ட் அடித்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாக மாட்டலாம் என்று நினைக்கிறேன். சரிதானே?

பதில்: பாதி சரி. பிரியுங்கள், சுத்தம் செய்யுங்கள், ஆனால் பெயிண்டைக் கடைசிக்கு வையுங்கள். பேரிங், டயர், வீல் நேர், மோட்டார் எல்லாம் சரியாகி ஒருமுறை மரம் அறுத்துப் பார்த்த பிறகுதான் பெயிண்ட். நேர் பார்க்கும்போது வாஷர் சேர்க்க வேண்டிவரும், ஒரு முகத்தை அரத்தால் தேய்க்க வேண்டிவரும், ஷாஃப்ட்டைத் தட்டி எடுக்க வேண்டிவரும். புதுப் பெயிண்ட் போட்ட மெஷினில் இதையெல்லாம் செய்ய மனம் வராது. வேலை அங்கேயே அரைகுறையாக நின்றுவிடும்.

பிரிக்கும்போது ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வீலுக்குப் பின்னால் இருக்கும் வாஷர்களையும் மெல்லிய தகடுகளையும் அந்தந்த ஷாஃப்ட்டின் பெயர் எழுதி, வந்த வரிசையிலேயே கம்பியில் கோத்து வையுங்கள். சில மெஷின்களில் ஒரு வீலின் நட்டு இடது மரையாக இருக்கும். நீளமான குழாயை மாட்டி முறுக்குவதற்கு முன், வெளியே தெரியும் மரை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள்.

துருவுக்கு மின்பகுப்பு, அதாவது தண்ணீரில் மின்சாரம் செலுத்தித் துருவை நீக்குவது, நல்ல வழி. பிளாஸ்டிக் தொட்டியில் 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேஜைக்கரண்டி சலவை சோடா கலந்துகொள்ளுங்கள். 12 வோல்ட் சார்ஜரின் நெகட்டிவ் முனை துருப்பிடித்த பாகத்தில், பாசிட்டிவ் முனை ஒரு பழைய இரும்புத் தகட்டில். இரண்டும் ஒன்றையொன்று தொடக்கூடாது. பாசிட்டிவ் பக்கம் எவர்சில்வர் வைக்காதீர்கள், நச்சான குரோமியம் கரைந்து தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் உப்பும் போடாதீர்கள், குளோரின் வரும். ஹைட்ரஜன் வெளியாவதால் காற்றோட்டமான இடம் தேவை. பாகத்தைத் தொடுவதற்கு முன் சார்ஜரை அணைக்க வேண்டும். சில மெஷின்களின் வீல், புல்லி, கைடு உறை அலுமினியமாகவோ துத்தநாகக் கலவையாகவோ இருக்கும். அவற்றைச் சோடா தின்றுவிடும். கடினப்படுத்திய ஸ்பிரிங்கையும் இதில் போட வேண்டாம், ஹைட்ரஜன் ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும். வெளியே எடுத்த இரும்பை உடனே கழுவித் துடைத்துக் காயவைத்து எண்ணெய் தடவாவிட்டால் கண்ணெதிரிலேயே மறுபடி துரு ஏறும்.

பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் கிரைண்டரோ உப்புத்தாளோ போடாமல், ரசாயன நீக்கி தடவி ஈரமாகவே சுரண்டி, குப்பையைத் தனியே கட்டிவிடுங்கள்.

கேள்வி: என் மெஷினில் பால் பேரிங் இல்லை. ஷாஃப்ட்டைச் சுற்றி வெள்ளி நிறத்தில் மெதுவான உலோகம் ஊற்றியிருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டு பால் பேரிங் போடலாமா?

பதில்: அது பாபிட் என்கிற வெள்ளை உலோகம். எண்ணெய் நின்றுபோகாமல் இருந்தால் மிக நீண்ட காலம் உழைக்கும். மாற்றுவதற்கு முன் அளந்து பாருங்கள். ஷாஃப்ட் விட்டம் ஓர் அங்குலம் என்றால் 0.001 முதல் 0.002 அங்குலம் வரை இடைவெளி இருக்கலாம். ஆட்டம் அதற்கு மேல் இருந்தால், மூடிக்கு அடியில் உள்ள மெல்லிய தகடுகளை இரண்டு பக்கமும் ஒரே கனத்தில் ஒவ்வொன்றாக எடுத்து, மூடியை இறுக்கி, கையால் சுற்றிப் பாருங்கள். இறுகினால் கடைசியாக எடுத்ததைத் திரும்ப வையுங்கள். பெரும்பாலும் இதிலேயே வேலை முடிந்துவிடும். ஷாஃப்ட்டில் நீல மை தடவிச் சுற்றி, நீலம் ஒட்டிய மேடுகளை மட்டும் சுரண்டி எடுப்பது அடுத்த கட்டம்.

கிரீஸ் வைக்காதீர்கள். இந்தப் பேரிங்குக்கு வேண்டியது ஓடும் எண்ணெய், ஐஎஸ்ஓ 32 அல்லது 68 தரத்தில். உலோகமே உதிர்ந்துபோயிருந்தால் புதிதாக ஊற்ற வேண்டும். ஊற்றும் அச்சில் துளி ஈரம் இருந்தாலும் உருகிய உலோகம் வெடித்துச் சிதறும் என்பதால், அதை அந்த வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள்.

கேள்வி: பால் பேரிங் உள்ள மெஷினில் எந்த அளவு வாங்குவது?

பதில்: பழைய பேரிங்கின் பக்கத்தில் பொறித்த எண்ணைப் படியுங்கள். 6203 என்றால் 17 × 40 × 12 மி.மீ.; 6204 என்றால் 20 × 47 × 14. மரத்தூள் புகாமல் இருக்க 2ஆர்எஸ் என்ற ரப்பர் மூடி வகையை வாங்குங்கள். சில பழைய மெஷின்களில் அங்குல அளவுப் பேரிங் இருக்கும், ஆகவே வெர்னியர் அளவுகோலால் அளக்காமல் வாங்க வேண்டாம். ஷாஃப்ட்டில் ஏற்றும்போது உள்வளையத்தில் மட்டும் அழுத்துங்கள். வெளிவளையத்தில் தட்டினால் குண்டுகள் தடத்தில் பள்ளம் போட்டு, புதுப் பேரிங்கே கரகரக்கும்.

கேள்வி: வீல் மேல் இருந்த ரப்பர் கல்லாகிவிட்டது, அங்கங்கே பெயர்ந்தும் இருக்கிறது. புது டயர் போடுவது எப்படி?

பதில்: பேண்ட்சா ஒழுங்காக ஓடுவதும் ஓடாததும் பெரும்பாலும் இந்த 3 மி.மீ. ரப்பரில்தான் இருக்கிறது. ஆகவே அவசரப்பட வேண்டாம்.

பழையதைக் கத்தியால் குறுக்கே அறுத்து உரியுங்கள். மிச்சமிருக்கும் பசையை அசிட்டோன் தொட்டுச் சுரண்டி, வெற்று உலோகம் தெரியும்வரை சுத்தம் செய்யுங்கள். ஒரு மணல் துணுக்களவு பசை தங்கினாலும் அந்த இடத்தில் டயர் மேடாகி, பிளேடு ஒவ்வொரு சுற்றிலும் முன்னும் பின்னும் துடிக்கும். இப்போது விளிம்பின் குறுக்கே ஒரு நேர்ச்சட்டம் வைத்துப் பாருங்கள். நடுப்பகுதி மேடாக இருந்தால் வளைவு உலோகத்திலேயே கடைந்திருக்கிறது, சீரான கனமுள்ள டயர் போதும். விளிம்பு தட்டையாக இருந்தால் வளைவு டயரில் இருந்திருக்க வேண்டும், அல்லது அந்த மெஷின் தட்டை டயருக்கென்றே செய்யப்பட்டிருக்க வேண்டும். தயாரிப்பாளர் கையேடு கிடைத்தால் அதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

சிறிய வீல்களுக்கு யூரிதேன் டயர் வசதி, பசையே வேண்டாம். வெந்நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, ஓர் இடத்தை வீலோடு கிளாம்பில் பிடித்து, இரண்டு பக்கமும் இழுத்து மாட்டுங்கள். மாட்டியதோடு விட்டால் ஓர் இடம் தடித்தும் ஓர் இடம் மெலிந்தும் இருக்கும். டயருக்கு அடியில் வழவழப்பான உருண்டைக் கம்பி ஒன்றை நுழைத்து, வீலைச் சுற்றி இரண்டு மூன்று தடவை ஓட்டினால் இழுவை சமமாகிவிடும்.

பெரிய வீல்களுக்கு ரப்பர் வளையத்தை ஒட்ட வேண்டியிருக்கும். வளையத்தின் சுற்றளவு வீலைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக இருந்தால் இழுத்துப் பிடிக்கும். டயரில் வளைவு வேண்டுமென்றால், பிளேடைக் கழற்றிவிட்டு மோட்டாரால் கீழ் வீலைச் சுழலவிட்டு, உறுதியான தாங்குபலகைமேல் வைத்த 80 எண் உப்புத்தாள் கட்டையால் இரண்டு ஓரங்களையும் மெல்லத் தேய்க்கலாம். 14 அங்குல வீலுக்கு நடுவில் அரை மி.மீ. மேடு போதும். அதற்கு மேல் போனால் அகலப் பிளேடு நடுவில் மட்டும் உட்கார்ந்து தள்ளாடும்.

கேள்வி: எல்லாம் மாற்றியும் பிளேடு கழன்று ஓடுகிறது. கழலாத நேரத்தில் கோட்டைவிட்டு ஒரு பக்கமாகவே அறுக்கிறது.

பதில்: இவை இரண்டு வேறு கோளாறுகள்.

கழல்வதற்கு முதல் காரணம் இரு வீல்களும் ஒரே தளத்தில் இல்லாமல் இருப்பது. பிளேடை முழுமையாக முறுக்கிவிட்டு, இரண்டு வீல்களின் விளிம்பையும் தொடும்படி நீளமான நேர்ச்சட்டத்தை வைத்துப் பாருங்கள். பிளேடு தளர்வாக இருக்கும்போது பார்த்தால் பயனில்லை, முறுக்கியதும் கழுத்து சற்று வளையும். மேல் வீல் 3 மி.மீ. உள்ளே இருந்தால் அதன் பின்னால் 3 மி.மீ. வாஷர். பிறகு கைடுகளை எல்லாம் விலக்கி, வீலைக் கையால் சுற்றியபடி மேல் வீலின் சாய்வுத் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பி, பிளேடு டயரின் நடுவில் நிற்கும்படி செய்யுங்கள். இது அமைந்த பின்பே கைடுகள். பக்கக் கைடுக்கும் பிளேடுக்கும் இடையே ஒரு தாள் அளவு, 0.1 மி.மீ. பின்னால் தாங்கும் பேரிங்குக்கு 0.4 மி.மீ. கைடின் முன்விளிம்பு பல்லிடைப் பள்ளத்துக்குச் சற்றுப் பின்னால் நிற்க வேண்டும். பல்லைத் தொட்டால், பற்கள் மாறி மாறி இரு பக்கமும் சாய்ந்திருக்கும் விரிப்பு போய்விடும்.

பிளேடை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்கையும் பாருங்கள். முறுக்கும்போது அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டால் அது உயிரிழந்துவிட்டது. இழுவையை அளக்க ஒரு 200 மி.மீ. வெர்னியர் போதும். பிளேடு தொய்வு நீங்கி நேரானதும், வெர்னியரின் இரண்டு தாடைகளையும் கிட்டத்தட்ட 200 மி.மீ. இடைவெளியில் பிளேடோடு சிறு கிளாம்புகளால் பிடித்துவிட்டு முறுக்குங்கள். 0.1 மி.மீ. நீண்டால் சதுர மி.மீ.க்குச் சுமார் 100 நியூட்டன் இழுவை வந்துவிட்டது. சாதாரண கார்பன் எஃகுப் பிளேடுக்கு இதுதான் வேண்டும். வெர்னியரைக் கழற்றிய பிறகே மோட்டாரைப் போடுங்கள்.

ஒரு பக்கமாக இழுப்பதற்குப் பிளேடே காரணமாக இருப்பதுதான் அதிகம். ஆணியில் பட்டு ஒரு பக்கப் பற்கள் மழுங்கியிருக்கும், அல்லது தடித்த மரத்துக்கு நுண்பல் போட்டிருப்பீர்கள். தூள் வெளியேற இடமில்லாமல் பள்ளம் நிரம்பினால் பிளேடு வளைந்து ஓடத்தான் செய்யும். 15 செ.மீ. உயரக் கட்டையைப் பலகையாகப் பிளக்க அங்குலத்துக்கு 3 பல் சரி. வளைத்து அறுக்கப் பிளேடின் அகலம்தான் கணக்கு. 6 மி.மீ. பிளேடு சுமார் 16 மி.மீ. ஆரம் வரை திரும்பும், 12 மி.மீ. பிளேடுக்கு 63 மி.மீ. வேண்டும்.

கேள்வி: பிளேடு ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பற்றவைத்த இடத்தில் இல்லாமல் பல்லடியில் விரிசல் விடுகிறது.

பதில்: 14 அங்குல மெஷினில் சுமார் 2.4 மீட்டர் பிளேடு நிமிடத்துக்கு 900 மீட்டர் வேகத்தில் ஓடினால், அதன் ஒவ்வொரு புள்ளியும் நிமிடத்தில் சுமார் 750 முறை வளைந்து நிமிர்கிறது. கனம் கூடக் கூட வளைவின் அழுத்தமும் அதே விகிதத்தில் கூடும். 0.6 மி.மீ. பிளேடுக்குப் பதில் 0.5 மி.மீ. போட்டால் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறையும். பின்தாங்கு பேரிங் மரம் அறுக்காதபோதும் சுழல்கிறதா என்றும் பாருங்கள். சுழன்றால் அது பிளேடை இடைவிடாமல் முன்னால் தள்ளுகிறது என்று பொருள், விரிசலுக்கு அதுவும் போதும்.

இணைப்பிலேயே அறுந்தால் பற்றவைத்த பிறகு அந்த இடத்தைப் பதப்படுத்தாமல் விட்டிருப்பார்கள். பேண்ட்சாவின் தொடக்க காலத்துச் சிக்கலும் இதுவே. வில்லியம் நியூபெரி 1809இல் பிரிட்டனில் காப்புரிமை பெற்றும், தாங்கக்கூடிய இணைப்பு இல்லாததால் மெஷின் பரவவில்லை. 1846இல் ஆன் போலின் கிரெப்பின் என்ற பிரெஞ்சுப் பெண்மணி நல்ல இணைப்பு முறைக்குக் காப்புரிமை பெற்ற பிறகுதான் வழி திறந்தது.

கேள்வி: 60 ஹெர்ட்ஸ் மோட்டாரோடு வந்த மெஷினுக்கு 50 ஹெர்ட்ஸ் மோட்டார் போட்டேன். மந்தமாக அறுக்கிறது.

பதில்: நிமிடத்துக்கு 1,725 சுற்று ஓடிய இடத்தில் இப்போது 1,440 சுற்றுதான். வேகம் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. 14 அங்குல வீலுக்கு நிமிடம் 800 சுற்று வேண்டும். மோட்டாரில் 75 மி.மீ. புல்லி இருந்தால் வீல் ஷாஃப்ட்டில் 135 மி.மீ. புல்லி சரியாக இருக்கும். துணி சுற்றிய பழைய வயர் ஏதாவது மிஞ்சியிருந்தால் மாற்றி, எர்த் கொடுத்துவிடுங்கள். மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடத் தொடங்காத ஸ்விட்ச் அவசியம். திறந்த வீல்கள் உள்ள மெஷின் என்றால், முதல் ஓட்டத்துக்கு முன்பே இரண்டு வீல்களுக்கும் தகட்டு மூடி செய்துவிடுங்கள், பிளேடு அறுந்தால் வெளியே பாயும்.

கேள்வி: வேலை முடிந்ததும் பிளேடைத் தளர்த்த வேண்டுமா?

பதில்: ஆம். சூடான பிளேடு ஆறும்போது சுருங்கி இன்னும் இறுகும். டயரில் தழும்பு விழும், ஸ்பிரிங்கும் தளர்ந்துபோகும். தளர்த்தியதும் ‘பிளேடு தளர்வு’ என்று எழுதிய அட்டையை ஸ்விட்ச் மேலேயே மாட்டிவிடுங்கள். மறந்து ஓட்டினால் முதல் சுற்றிலேயே பிளேடு கழன்றுவிடும்.