மதுரையில் கார் வைத்திருக்கிறேன். டேஷ்கேமை லைட்டர் சாக்கெட்டில் செருகாமல் ஃப்யூஸ் பாக்ஸிலிருந்தே இணைப்பது எப்படி?

ஹார்டுவயர் கிட் (கேமராவை ஃப்யூஸ் பாக்ஸோடு இணைக்கும் வயர் செட்) ஒன்றும், உங்கள் வண்டி ஃப்யூஸின் அளவுக்கே பொருந்தும் ஃப்யூஸ் டேப் (ஃப்யூஸ் இடத்தில் செருகி கூடுதல் இணைப்பு எடுக்கும் துண்டு) இரண்டும் வாங்குங்கள். மினி ஃப்யூஸும் லோ புரொஃபைல் மினி ஃப்யூஸும் பார்க்க ஒன்றுபோலத்தான் இருக்கும், மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது.

கிட்டில் பெரும்பாலும் சிவப்பு ஏசிசி (சாவியைத் திருப்பினால் மட்டும் வரும் மின்சாரம்), மஞ்சள் நிரந்தர மின்சாரம், கறுப்பு எர்த். வாங்கிய கிட்டின் தாளைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சாவியைத் திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் ஃப்யூஸ் எது, எப்போதும் வருவது எது என்று மல்டிமீட்டரில் பாருங்கள். ஏர்பேக், ஏபிஎஸ் ஃப்யூஸ் பக்கமே போகாதீர்கள். அந்த ஃப்யூஸைக் கழற்றி, அந்த இடத்தில் டேப்பைச் செருகுங்கள். டேப்பில் உள்ள இரண்டு இடங்களில் ஒன்றில் பழைய ஃப்யூஸையே போடுங்கள், கேமராவுக்கான மற்றதில் 2 அல்லது 3 ஆம்பியர் ஃப்யூஸ் போதும். கறுப்பு வயரை வண்டியின் பாடியோடு சேர்ந்த, பெயின்ட் இல்லாத இரும்பு போல்ட்டில் இறுக்குங்கள். கேமரா அணைந்து அணைந்து எரிந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

ஏ பில்லரில் (முன் கண்ணாடியின் பக்கத் தூணில்) கர்ட்டன் ஏர்பேக் இருந்தால் வயர் அதன் பின்னால் போகட்டும். குறுக்கே போனால் ஏர்பேக் விரிவதைத் தடுக்கும்.

பார்க்கிங் மோடுக்கு (வண்டி நிற்கும்போதும் கேமரா பதிவு செய்வதற்கு) கட் ஆஃப், அதாவது வண்டி பேட்டரி எவ்வளவு இறங்கினால் கேமரா அணைய வேண்டும் என்பதை, 12.2 வோல்ட் வையுங்கள். 11.6 வரை இறங்கவிட்டால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். சித்திரை வெயிலில் மாட்டுத்தாவணியில் நிழலில்லாமல் நிறுத்துபவர்கள் லித்தியம் பேட்டரி கேமராவைத் தவிர்த்து, சூப்பர் கெப்பாசிட்டர் உள்ளதை வாங்குங்கள், வெயிலில் லித்தியம் பேட்டரி உப்பிவிடலாம்.